சேர்க்காத நாற்பது நிமிடம்

பில்லைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் வருவார்கள். டைல்ஸ் கடைக்காரர் மட்டும் கூட்டச் சொல்லி வந்து நின்றார்.

“செவ்வாய்க்கிழமை நாப்பது நிமிஷத்தைக் கழிச்சிருக்கீங்களேம்மா. அதையும் சேர்த்துக்கங்க. அந்த நேரமும் வேலை பார்த்ததாவே நோட்டுல எழுதிடுங்க.”

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறவள். கடைக்கு ஒரு நோட்டு. உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், நடுவில் போன் பேசிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவளைக் ‘கடிகாரம்’ என்பார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

“வேலை பார்க்காத நேரத்துக்கு எப்படிங்க காசு வாங்குறது? பில் ஃபைல் பூரா பீரோவுக்குள்ள. நீங்க சாவியோட வெளியே போயிட்டீங்க. மூணு நாப்பதுலேர்ந்து நாலு இருபது வரைக்கும் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.”

“அது நமக்குள்ள இருக்கட்டும். நோட்டுல வேண்டாம்.”

நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அவருடைய பார்ட்னர் செத்துக் கிடந்தார். மாடி குடோன் தரையில் பெட்டி இறக்க ஒரு திறப்பு உண்டு. அது வழியாகக் கடையின் பின்கட்டில் விழுந்திருந்தார். அவள் ஐந்து மணிக்குக் கிளம்பி வந்த பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். கால் தவறி விழுந்தார் என்றுதான் முதலில் சொன்னார்கள். யாரோ தள்ளிவிட்டார்கள் என்று நேற்றிலிருந்து பேச்சு மாறியிருந்தது.

அந்தப் பார்ட்னர் அவளுக்கும் வேண்டியவர் இல்லை. போன வாரம்தான் கடை ஆட்கள் முன்னால் நோட்டை விட்டெறிந்து, “மணிக்கணக்கு எழுதியே எங்களை மொட்டையடிக்கிறா” என்று கத்தினார். இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தாள். அதற்காக ஒரு மனுஷன் அப்படியா போய்ச் சேர வேண்டும்?

“நோட்டைத் திருத்துற பழக்கம் எனக்கில்லைங்க” என்றாள்.

“சொன்னாக் கேளுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்புறம் என் கை மீறிப் போயிடும்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அது மிரட்டலாகவே அவள் காதில் விழுந்தது. அவர் படியிறங்கியதும் கதவைத் தாழிட்டுவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

“உனக்கு எதுக்குடி வம்பு? நாப்பது நிமிஷம்தானே, எழுதித் தொலையேன்” என்றாள் அக்கா.

“ஒரு உசுரு போயிருக்குக்கா. நாலு மணி வாக்குல பின்கட்டுல தொப்புன்னு சத்தம் கேட்டுது. அந்த ஆள் பெட்டியைப் போடுறார்னு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். இப்ப பொய்யும் எழுதினா எனக்குத் தூக்கம் வருமா?”

மதியம் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் டைல்ஸ்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். அவள் நடையை எட்டிப் போட்டாள். ஸ்டேஷன் வாசல் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தார்.

“‘முதலாளி வெளியே. சாவி இல்லை. வேலை நடக்கவில்லை. கட்டணம் இல்லை.’ ஒரு நிமிஷத்தைக்கூட விடமாட்டீங்க போலிருக்கே.”

“தொழில் அப்படிங்க.”

“அவர் வெளியே போனப்போ கடையில வேற யார் இருந்தாங்க?”

“கடைக்கு வார லீவுங்க, ஆளுங்க யாரும் வரல. மாடியில பார்ட்னர், கீழே நான். அவ்வளவுதான்.”

“வெளியாள் யாராவது நுழைஞ்சிருக்கலாம் இல்லையா?”

டைல்ஸ்காரரைத் தப்பவைக்க வழி தேடுகிறார்களோ என்று அவளுக்குப் பட்டது. குரலை அழுத்திச் சொன்னாள்.

“வாய்ப்பே இல்லைங்க. யாவாரத்துக்கு ஆள் வந்துடக் கூடாதுன்னு ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிட்டுத்தான் போனார். பின்பக்கம் வழியே கிடையாது. சாவி அவர்கிட்ட மட்டும்தான். ஒரு ஈ உள்ள வந்திருக்க முடியாது.”

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். “இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?”

“தாராளமா.”

எழுதிக் கொடுத்தாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நோட்டுக்காகக் கையை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினார்.

“எங்கே போறேன்னு அவர் உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்லலைங்க. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துது.”

“பேங்க்குக்குப் போயிருக்கார். மூணே முக்கால்லேர்ந்து நாலே கால் வரைக்கும் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்திருக்கார். கேமராவுல இருக்கு.”

அவளுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. பெண் கான்ஸ்டபிள் எழுந்து போய் வாசலை அடைத்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அவள் கையெழுத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“பூட்டின கடைக்குள்ள செத்தவரோட இருந்தது நீங்க மட்டும்தாம்மா.”