அடியெடுத்துக் கொடுத்தவன்

மனைவி செண்பகம் கல்யாணத்துக்கு முன் பாடிய பாட்டை வீட்டு சர்வரில் ஏற்ற உட்கார்ந்த இளம்பரிதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தரம் குறையாத பெரிய கோப்பில், அவள் மூச்செடுக்கும் இடங்களில் ஓர் ஆண்குரல் மெல்ல அடியெடுத்துக் கொடுத்தது. எம்பி3 ஆக்கிச் சுருக்கியதில் அந்த இடங்களில் வெறும் இரைச்சல். ஹெட்போனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான்.

"எதை வெச்சுக்கலாம்?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க," என்றாள், காதில் வாங்காமலே.

பெரியதை அழித்தான். சாயங்காலம் ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்ததும் அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். முடியும்வரை கத்தி அசையவில்லை.

"இதுல என்னமோ குறையுதுங்க," என்றாள். "முழுசா இருந்தது இருக்குல்ல?"