மழித்த கால்

லாயத்தில் நால்வர் இருந்தார்கள். முதலாளி வரதப்பன் பிரம்பு நாற்காலியில், மருத்துவர் தயாபரன் தீவன மூட்டையின் மேல், கடிதம் எழுதும் சிவக்கொழுந்து மேசைக்கு முன்னால், குதிரைக்காரன் வேடியப்பன் தரையில். குதிரை நின்றுகொண்டிருந்தது. முழங்காலிலிருந்து குளம்பை மூடித் தொங்கும் முடிக்குள் பூச்சி அரித்ததால், மூன்று கால்களை மாற்றி மாற்றித் தரையில் அறைந்தது. நான்காவது காலை, முதலாளி ஊரில் இல்லாத வாரத்தில் வேடியப்பன் மழித்து மருந்து பூசியிருந்தான். அது அசையவில்லை.

“கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருக்கு. அந்த முடிக்குத்தானடா இதை வாங்கினேன்! உன் தலைய மழிச்சிருந்தாலாவது நேர்த்திக்கடன்னு விட்டிருப்பேன்.”

“முடிக்கு மேல தடவினா தோலுக்கு எப்படிய்யா போவும்? டாக்டரய்யாதான் மழிக்கச் சொன்னாரு.”

மருத்துவர் தன் செருப்பைப் பார்த்தார். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

“எழுதுய்யா,” என்றார் வரதப்பன். “வைத்தியம்னு சொல்லிக் குதிரையக் கெடுத்துட்டான், எந்த லாயத்துலயும் இவனைச் சேர்க்காதீங்கன்னு குதிரை வளர்க்கிறவங்க சங்கத்துக்கு எழுது.”

சிவக்கொழுந்து ஒரு சொல் விடாமல் எழுதினார். காறித் துப்பாத குறையாக வேடியப்பன் அவரைப் பார்த்தான்.

சங்கத்துக்குப் போகும் எந்தக் கடிதமும் குதிரையின் அன்றைய நிலையைச் சொல்லித்தான் முடிய வேண்டும். சிவக்கொழுந்து எழுந்து போய்க் குனிந்து, நான்கு கால்களிலும் விரல்விட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: ‘மழித்த கால் ஆறிவிட்டது. மழிக்காத மூன்றிலும் சீழ்.’

வரதப்பன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். “இன்னும் என்ன பார்வை? ஒட்டு.”

சிவக்கொழுந்து உறையின் ஓரத்தில் பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, வாசலில் நின்ற தபால்காரரிடம் கொடுத்தார்.