நகத்து ஓரக் கறுப்பு

ரெமெதியோஸ் டீச்சரின் முற்றத்துக் குழாயடியில் குந்தியிருக்கிறான் சாத்துர்னீனோ. வெள்ளீயச் சுரங்கத்திலிருந்து நேரே வந்தவன், தீக்குச்சியால் நகத்தைச் சுரண்டுகிறான். மலைத் தண்ணீர் எலும்புவரை கடிக்கிறது. டீச்சரின் சவப்பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் அவனும் ஒருவன். கேட்டு வாங்கிய இடம். சுரங்கக்காரர்கள் பசியும் களைப்பும் மறக்க மெல்லும் கோக்கா இலையை, கன்னத்தில் அதக்கியிருந்ததை, வாசலிலேயே துப்பிவிட்டான். அவர் வகுப்பில் யாரும் மென்றதில்லை.

“மச்சான், அது கல்லுக் கறுப்பு. உன்கூடத்தான் குழிக்குப் போகும்,” என்கிறான் பின்னால் நிற்கும் புல்ஹென்சியோ.

“உன்னைத்தான் டீச்சர் தெனமும் குழாய்க்குத் துரத்துனாங்க. பேசாம நில்லுடா.”

உள்ளே இரண்டு பள்ளி பெஞ்சுகளின் மேல் பெட்டி. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் டீச்சரின் வெள்ளைப் பள்ளி மேலங்கியில் புள்ளி புள்ளியாக விழுகிறது. கஞ்சி விறைப்பு இன்னும் கலையவில்லை. மார்பின்மேல் அந்த வாசிப்புப் புத்தகம். சுரங்கக் குடியிருப்புக்கே இருந்த ஒரே புத்தகம் அது. அதைத் தொடுமுன் பிள்ளைகள் இரு கைகளையும் அவர் முன் நீட்ட வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகள் புரட்டியும் அதில் ஒரு விரல் தடம் இல்லை.

சாத்துர்னீனோ பெட்டியருகே நின்று கைகளை நீட்டுகிறான், புறங்கை மேலாக. சவ ஊர்வலத்தில் வாசிக்க வந்த ஊதுகுழல்காரர்கள் காத்திருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. அவன் திரும்பிக் குழாய்க்கே நடக்கிறான். மற்ற ஐவரும் தங்கள் நகங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போகிறார்கள்.

“பாதிரியார் நிக்கிறாருப்பா,” என்கிறான் குழல்காரன்.

“நிக்கட்டும்,” என்கிறாள் டீச்சரின் தங்கை. “அவ இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பா.”