காலி மேஜை

விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் தியேட்டரில் இன்றுதான் முதல் ஆபரேஷன்.

ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பசியும் தெரியவில்லை. வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மேஜைக்கு மேலே இருக்கும் பெரிய விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தேன்.

சர்ஜன் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இங்கே வந்தவர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவும் அங்கிருந்துதான் வந்தார். அவர்கள் வந்த அன்று ஊரே வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாள் வழக்கம்போல் வைத்தியத்துக்குத் தலைநகரத்துக்கே பஸ் ஏறியது.

“நல்ல டாக்டரா இருந்தா இந்த ஊருக்கு எதுக்கு வரப்போறாங்க?” என்று என் நாத்தனாரே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷனுக்குச் சம்மதித்த ஒன்றிரண்டு பேரும் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார்கள்.

நாங்கள் சளைக்கவில்லை. தினமும் காலி மேஜையைச் சுற்றி நின்று ஒத்திகை பார்த்தோம். பேஷன்ட் ரெடியா என்று சர்ஜன் கேட்பார். நர்ஸான நான் ரெடி என்பேன். டாக்டரம்மா காற்றுக்கு மயக்க மருந்து கொடுப்பார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் சர்ஜன் தன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, திரும்பி வந்தால் இடம் இருக்குமா என்று விசாரித்தது என் காதில் விழுந்தது.

இன்றைக்கு வந்திருப்பது பித்தப்பைக் கல். ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தாலும், தலைநகரத்துக்குப் பஸ் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த ஆள்.

வெளியே பெஞ்சில் பேஷன்ட்டின் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினேன். டீயும் வேண்டாமாம்.

கருவிகள் இருந்த தட்டை ஜூனியர் நர்ஸிடம் ஒப்படைத்தேன். அவள் கருவிகளை மறுபடியும் மறுபடியும் எண்ணினாள். முதுகில் ஒரு தட்டு தட்டினேன்.

சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. பழக்கதோஷம், என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“பேஷன்ட் ரெடியா, சிஸ்டர்?”

“ரெடி, டாக்டர்” என்று சொல்லிவிட்டு, மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.