புகை நின்றதும்

பேசக் கூடாது. அதுதான் விதி.

கை காட்டக் கூடாது. கண்ஜாடையும் கூடாது. எழுதியவள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சத்தைத் தாள் பேசிக்கொள்ளும்.

எதிரே மதினி. இறந்துபோன கணவனின் அக்காள். தீப்பெட்டி ஆபீசில் மருந்துத் தூசி தின்ற நெஞ்சு, பாவம். நேரங்காலம் இல்லாமல் இழுக்கும்.

ஸ்டூலின் மேல் இழுப்புக்கு மருந்தைப் புகையாக விடும் மெஷின், குழாய், மாஸ்க், மருந்துக் குப்பி.

அவள் எழுதிய தாள் மதினியின் கையில்.

டெக்னிக்கல் ரைட்டிங் படிப்பில் இது கடைசிப் பாடம். கருவியை இயக்கத் தெரியாத ஒருவர், நீ எழுதியதை மட்டும் வாசித்து அதை இயக்கிக் காட்ட வேண்டும்.

பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, ராத்திரியில் படித்த படிப்பு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கையேடு எழுதுகிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த ஊர்க் குளிர் மதினிக்கு ஆகாது.

மதினி தனியாகப் புகை போட்டுக்கொண்டால் போகலாம். இல்லையென்றால் இல்லை.

"இப்படிச் செய், அப்படிச் செய்னு எழுதுறதுக்கு ஒரு படிப்பாம்மா? நான் தெனமும் உனக்கு ஓசியிலேயே சொல்லிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் மதினி.

சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று விதியில் இல்லை. சிரிக்கவில்லை.

மதினி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிளக்கை மாட்டினாள். அடுத்த வரி, குப்பியின் தலையைத் திருக வேண்டும்.

நின்றுவிட்டாள்.

குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் ஏறியது.

அவளுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தினமும் போட்டுவிட்ட கை அல்லவா. "இந்தக் கருமம் எனக்கு ஓடாது, நீயே போட்டுவிடும்மா" என்று மதினி பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை நீட்டுவாள்.

அலுப்பாக இருந்தது. தூக்கம் கெட்ட அலுப்பு இல்லை. மதினி ஜெயித்தாலும் தோற்றாலும் தாங்காது என்கிற அலுப்பு.

குப்பி திறந்துகொண்டது.

மருந்து கிண்ணத்தில் இறங்கியது. மூடி. குழாய். மாஸ்க். சுவிட்ச்.

மெஷின் இரைந்தது. மாஸ்க்கின் ஓரங்களில் வெள்ளைப் புகை. மதினி கண்ணை மூடிக்கொண்டாள். விசில் மெல்ல மெல்ல இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் புகை விட்டு விட்டு வந்தது.

மூடிய கண் மூடியபடியே இருக்க, மதினி நகத்தால் கிண்ணத்தின் பக்கவாட்டில் தட்டினாள். ஒட்டியிருந்த மருந்து இறங்கியது. புகை மறுபடி வந்தது.

தட்டச் சொல்லித் தாளில் இல்லை. அவள் எழுத மறந்திருந்தாள்.

அவள் தட்டுவதைப் பார்த்து மட்டும் வைத்திருந்தால் விரல் இடம் தேடும். அந்த விரல் தேடவில்லை.

அவள் கடையில் நிற்கிற பகல்களில் மதினிக்கு இழுத்தால் யார் போட்டுவிட்டார்கள்? இதுவரை அவள் யோசித்ததே இல்லை.

தாளில் இல்லாத எதைச் செய்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவும் விதி.

பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

மதினி கண் திறந்து தாளைப் பார்த்தாள். ஒரு வரிதான் பாக்கி. புகை நின்றதும் சுவிட்சை அணைக்கவும்.

புகை நின்றது.

மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சுவிட்ச் மதினியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மதினி அந்த ஒரு வரியை வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அவளும் கையை நீட்டவில்லை.

நீட்டக் கூடாது என்பதுதானே விதி.