ஓநாயின் கழுத்துப்பட்டை

ஆடு மேய்த்த இடத்தில் பாவாத்தாளை விரியன் கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். அவள் புருஷன் ராக்கியப்பன் தோள்பையைக் கொட்டினான். உள்ளே எந்த ஓநாயோ கழற்றிப்போட்ட அரசாங்கப் பட்டை; மாட்டிய ஓநாயின் நாடி தளர்ந்தால் வனத்துறைக்குச் சேதி போகும். கிடாய்க்கு மணி கட்ட ஆகுமென்று ஒளித்து வைத்திருந்தான். அதை அவள் கழுத்தில் மாட்டினான். நாடி தளர, சிவப்பு விளக்கு எரிந்தது.

பத்தே நிமிடத்தில் வனத்துறை ஹெலிகாப்டர் இறங்கியது.

"ஓநாய் எங்கய்யா?" என்றார் அதில் வந்த கால்நடை மருத்துவர்.

"இவதானுங்க."

மருத்துவர் கையில் விஷமுறிவு மருந்து இருந்தது. "மனுஷருக்குப் போட்டா என் வேலை போயிடும்."

"அப்ப ஓநாய்னே எழுதிக்குங்க, சாமி."

அவர் ஊசியைப் போட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தார். "வயசு?"

"நாப்பத்தொண்ணுங்க."

'பெண் ஓநாய், வயது நாற்பத்தொன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.