பூஜையில் ஒரு கரிக்கட்டி

"எவன்டா பூஜையில கரியைக் கொண்டாந்து வெச்சது?"

பரந்தாமன் போட்ட சத்தத்தில், பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய லேத் பட்டறையில் அன்று ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. நடுவில் மனைப்பலகை மேல், காற்றாலைக்கென்று கடைந்த முதல் ஷாஃப்ட். தொண்ணூற்று மூன்றில் காற்றாலை என்றாலே தனி மவுசு. ஆர்டர் கிடைத்ததிலிருந்து பரந்தாமனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஷாஃப்ட்டுக்குப் பக்கத்தில்தான் ஒரு நிலக்கரிக் கட்டி. அதற்கும் யாரோ குங்குமம் வைத்து, செவ்வந்திப் பூ சாத்தியிருந்தார்கள்.

பொரி கட்டிக்கொண்டிருந்த முனியன் தலையைக் குனிந்துகொண்டான்.

போன வாரம் முதலாளியம்மா ஜெகதாம்பாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். "உன் மச்சான் எண்ணூர் அனல் மின் நிலையத்துல கரி எறக்கறான் இல்ல? ஒரே ஒரு கட்டி வாங்கிட்டு வா. அவர்கிட்ட மூச்சு விடாதே."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவன் பசி பார்த்துச் சோறு போட்ட கை அது.

"முனியா! உன் வேலைதானே இது?"

"ஆமா மொதலாளி. நான்தான் எடுத்தாந்தேன்."

"அறிவிருக்கா? காத்தாலை கம்பெனி அதிகாரி இப்ப வந்துடுவார். இனிமே காத்துலதான் கரண்டுன்னு சொல்ற மனுஷன் முன்னாடி கரியை வெச்சு மானத்தை வாங்கறியே! ஆர்டர் போச்சுன்னா உன் மச்சானா தருவான்?"

கட்டியை எடுத்து வாசலில் வீசினார். விரலெல்லாம் கருப்பானதில் கோபம் இன்னும் ஏறியது.

"பொரியை வாங்கிட்டுக் கெளம்பு. நாளையிலேர்ந்து வராதே."

பண்டிகை நாளும் அதுவுமாக வேலை போயிற்று. வீட்டில் இரண்டு பெண்கள். முனியனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அம்மா பேரைச் சொல்லாமலே வாசலைத் தாண்டினான்.

வாசலில் கார் வந்து நின்றது. அதிகாரி இராமகிருஷ்ணன் இறங்கினார். பரந்தாமன் சிரித்த முகத்தோடு ஓடினார்.

அதற்குள் சர்க்கரைப் பொங்கலை அப்படியே வைத்துவிட்டு உள்ளேயிருந்து வந்தாள் ஜெகதாம்பாள். அதிகாரியின் காலடியில் கிடந்த கட்டியைக் குனிந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"முனியனை ஏன் வெரட்டறீங்க? கொண்டாரச் சொன்னது நான். வெச்சதும் நான்."

"உனக்கென்ன பைத்தியமா? சார் எதிர்ல..."

"சாரும் கேக்கட்டும். காத்தாலை நல்லா சுத்தட்டும், நம்ம ஷாஃப்ட்டுலயே சுத்தட்டும். ஆனா இந்த ஷாஃப்ட்டைக் கடைஞ்ச கரண்டு எங்கேர்ந்து வந்துது?"

"கரண்டு வந்தா அதுக்குப் பூஜை போடணுமா?"

ஜெகதாம்பாள் அவருடைய கருத்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். குரல் தழைந்துவிட்டது.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, எவ்வளவு தேச்சும் போகலைன்னு இந்தக் கையைத்தானே வேட்டி மடிப்புல மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? எண்ணூர்ல வேகன் வேகனா கரி எறக்கின கையி. அதுல வந்த கூலியிலதானே மொத லேத்து வாங்கினோம்?"

பரந்தாமன் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் கரி இழுவிக்கொண்டது.

அதிகாரி ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றினார்.

கட்டியை வாங்கி, இரண்டு கையாலும் பலகை மேல் வைத்தார் பரந்தாமன். பிறகு தெருவைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவனைக் கூப்பிட்டார். எஸ்டேட் முதலாளி ஆனதிலிருந்து அவர் மறந்தே போயிருந்த பழைய பேச்சு தானாக வந்தது.

"முனியா, எங்கடா போற? குங்குமம் எடுத்துகினு வா. என் மொத மொதலாளி இதான்டா!"